1957 பெல் ஏர்: ஷோரூமில் நின்ற அதே தோற்றத்தில் 1/25 அளவு மாடலாகக் கட்டுவது எப்படி

பழைய கார் மாடலில் ஃபேக்டரி ஸ்டாக் என்பது ஒரு கடுமையான விரதம். கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் அதில் என்ன இருந்ததோ அது மட்டும்தான் இருக்கலாம். பளபளப்பு குறைந்தாலும் பரவாயில்லை, பொருந்தாத ஒரு பாகம் போதும், தெரிந்தவர் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். 1957 செவ்ரலே பெல் ஏர் இரண்டு கதவு ஹார்ட்டாப்பை (பக்க ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத தகட்டுக் கூரைக் கார்) எடுத்துக்கொண்டு முழு வேலையையும் இங்கே சொல்கிறேன். கிட் (ஒட்டிக் கட்ட வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி) சுலபமாகக் கிடைக்கும், தகவலும் நிறைய உண்டு, தவறு செய்ய வாய்ப்பும் ஏராளம். வேறு அமெரிக்கக் கார் கட்டுபவர்களுக்கும் வரிசை இதேதான்.

1. எந்தக் கார் என்பதைத் தாளில் எழுதுங்கள்

பெட்டியைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் தவிர்ப்பதும் இதைத்தான். 1957-ல் வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததுபோல, ஒரு தாளில் உங்கள் காரை எழுதுங்கள்: பாடி வகை, எஞ்சின், கார்புரேட்டர், கியர், வெளி நிறம், உள் நிறம், கூடுதல் சாமான்கள். இவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தும்.

எஞ்சினைப் பாருங்கள். 283 கன அங்குல வி8-ல் இரண்டு பீப்பாய் (காற்றுப் பாதை) கார்புரேட்டர் வைத்த 185 குதிரைசக்தி எஞ்சின் பவர்கிளைடு அல்லது டர்போகிளைடு ஆட்டோமேட்டிக்கோடுதான் வந்தது. இரண்டு பீப்பாயோடு மூன்று கியர் மேனுவல் கேட்டவருக்கு 265 கன அங்குல, 162 குதிரைசக்தி எஞ்சின். ஆக, 185-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காருக்குள் கிளட்ச் பெடல் வைத்தால் தவறு. நான்கு பீப்பாய் கார்புரேட்டர் கொண்ட 220 குதிரைசக்தி எஞ்சினுக்கு இரட்டைச் சைலன்சர் குழாய், 185-க்கு ஒற்றைக் குழாய். இரண்டு நான்கு பீப்பாய் கார்புரேட்டர்கள் 245, 270 எஞ்சின்களில் உண்டு, அதுவும் ஃபேக்டரி ஸ்டாக்தான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தால் முன் ஃபெண்டரில் அதற்கான எழுத்துச் சின்னமும் வர வேண்டும்.

தரையிலிருந்து நீளும் நான்கு கியர் லீவர் பல கிட்களில் கிடக்கும். அதைத் தொடாதீர்கள். அந்த ஆண்டு செவ்ரலே பயணியர் கார்களில் நான்கு கியர் கிடையாது, கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருந்தது. பின்னால் ஸ்டெப்னி தொங்கும் கான்டினென்டல் கிட், ஸ்பாட்லைட் போன்றவற்றை டீலர்கள் மாட்டினார்கள். சில மாடல் போட்டிகளில் அவற்றை ஏற்பார்கள், சிலவற்றில் மாட்டார்கள். முதல் மாடலுக்கு விட்டுவிடுவதே நல்லது. ஐந்து கை மேக் வீல் அடுத்த தசாப்தத்துச் சங்கதி, அதை எடுத்து உதிரிப் பெட்டியில் போடுங்கள்.

2. ஆவணங்கள்

மூன்று ஆவணம் போதும்.

முதலாவது ஜெனரல் மோட்டார்ஸின் ஹெரிடேஜ் பிரிவு இலவசமாகத் தரும் வாகனத் தகவல் தொகுப்பு. ஆண்டுவாரியாக பிடிஎஃப் கிடைக்கும். நீள அகலம், எஞ்சின் வகைகள், விருப்பச் சாமான் பட்டியல், நிறங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

இரண்டாவது 1957 அசெம்ப்ளி மேனுவலின் மறுபதிப்பு. தொழிற்சாலைத் தொழிலாளிக்காக வரைந்த படங்கள் என்பதால் எந்த ஹோஸ் எங்கே போகிறது, எந்த கிளிப் எங்கே என்பது தெளிவாகத் தெரியும். காசு கொடுத்து வாங்க வேண்டியது இது ஒன்றுதான்.

மூன்றாவது உண்மையான ஒரு காரின் தகட்டுப் படம். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் தகட்டுச் சுவரில் ஃபிஷர் பாடி தகடு இருக்கும். அதில் ஸ்டைல் எண், டிரிம் எண், பெயிண்ட் எண் மூன்றையும் பாருங்கள். 57-1037டி என்றால் பெல் ஏர் இரண்டு கதவு ஹார்ட்டாப். பெயிண்ட் எண் 793 ஆனிக்ஸ் பிளாக், 802 மேட்டடார் ரெட். இரு நிறக் கார்களுக்குத் தனி எண்கள். டிரிம் எண் சீட்டுத் துணியின் நிறத்தைச் சொல்லும். காரின் வரிசை எண் விசி57 என்று தொடங்கினால் வி8 எஞ்சின் பெல் ஏர்.

இணையத்தில் கிடைக்கும் கார் கண்காட்சிப் படங்களை நம்பி இறங்காதீர்கள். புதுப்பித்தவர் தன் ஆசைக்கு எஞ்சினில் குரோம் மூடி போட்டிருப்பார், ரேடியல் டயர் மாட்டியிருப்பார். புதுப்பிக்காத, துருப்பிடித்த காரின் படம் பத்து மடங்கு உதவும்.

3. கிட், செலவு, சுங்கம்

1/25 அளவில் ரெவெல், ஏஎம்டி இரண்டும் 57 செவ்ரலே கிட்களை வெளியிட்டிருக்கின்றன. கதவு திறக்கும் பழைய அச்சுகளைத் தவிருங்கள். இடைவெளிகளைச் சரிசெய்வதிலேயே புதியவருக்குப் பொறுமை போய்விடும். பெட்டியில் ஸ்டாக் பாகங்கள் உண்டா என்பதை உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். படத்தில் ஸ்டாக் கார் இருக்கும், உள்ளே பந்தயக் கார் சாமான் இருக்கும்.

வாங்கியதும் ஸ்கேலில் அளந்து பாருங்கள். அசல் காரின் வீல்பேஸ் 115 அங்குலம், 1/25-ல் 116.8 மி.மீ. மொத்த நீளம் 200 அங்குலம், மாடலில் 203 மி.மீ. ஒரு மி.மீ. வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம்.

கிட் அமெரிக்காவில் சுமார் 30 டாலர். அங்கிருந்து வரவழைத்தால் தபால் கட்டணமே கிட் விலையைத் தொட்டுவிடும், மேலே சுங்கவரி. தனிநபர் பார்சலுக்கான வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, ஆர்டர் போடும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்பார்கள்: ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், பில், பணம் கட்டியதற்கான சான்று. இவற்றை முன்பே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், தாமதமானால் கிடங்கு வாடகை ஏறும். விற்பவர் குறைத்த விலையில் பில் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாட்டினால் பார்சல் நின்றுவிடும்.

ஸ்பிரே கேன் விமானத் தபாலில் வராது. வாயு அடைத்த கேனும் எளிதில் தீப்பற்றும் பெயிண்டும் ஆபத்தான சரக்கு என்பதால் எடுத்துவைத்துவிடுவார்கள். கிட்டை வெளியூரில் வாங்கலாம், பெயிண்டை உள்ளூர் ஹாபி கடையில்தான் வாங்க வேண்டும். முதல் மாடலுக்கு பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு), பசை, கத்தி, உப்புத்தாள், ஃபாயில் எல்லாம் சேர்த்தால் கிட் விலையைத் தாண்டிப் போகும். கருவிகள் அடுத்த மாடலுக்கும் உதவும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கால அளவு: வார இறுதிகளில் மட்டும் செய்தால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி பெயிண்ட் காயும் நேரம். அந்த நேரத்தில் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் செய்யலாம்.

4. கழுவுதல், அச்சுக்கோடு, ஒட்டாமல் பொருத்திப் பார்த்தல்

பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடேயே வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து கழற்ற உதவும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் மீன்கண் போலப் புள்ளிபுள்ளியாக விலகும். வினைல் டயர்களை உடனே தனிப் பையில் எடுத்து வையுங்கள். அவை கண்ணாடிப் பாகத்தின்மேல் மாதக்கணக்கில் கிடந்தால் அதை உருக்கித் தழும்பு போட்டுவிடும்.

அச்சு இரண்டு பாதியும் சேர்ந்த கோடு ஃபெண்டர்களின் மேல் விளிம்பிலும் கூரைத் தூணிலும் ஓடும். கத்தியின் முதுகுப்புறத்தால் சுரண்டி, 600, பிறகு 1000 உப்புத்தாளால் நீரோடு தேய்க்க வேண்டும். வால் துடுப்பின் கூர்மையான விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடாதீர்கள், இந்தக் காரின் முகமே அதுதான். பெட்ரோல் ஊற்றும் மூடியைப் பக்கத்தில் தேடி, கோடு கீறவும் வேண்டாம். 57-ல் அது இடது துடுப்பின் பின்விளிம்பு குரோம் பட்டைக்குள் ஒளிந்திருக்கும்.

பிறகு டேப் வைத்து முழுக் காரையும் ஒரு முறை கோத்துப் பாருங்கள்: அடிச்சட்டம், உள்தொட்டி (காரின் உட்புறத் தரையும் சுவரும் சேர்ந்த பாகம்), பாடி, ரேடியேட்டர் தாங்கி, பானெட். பானெட் உட்காரவில்லை என்றால் பெரும்பாலும் ஏர் கிளீனர் உயரம், இல்லாவிட்டால் உள்தொட்டி தகட்டுச் சுவரில் இடிக்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் வேலை இரண்டு மடங்கு.

5. பெயிண்ட்

சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கிட்டுக்கு வெள்ளையோ ஐவரியோ அடித்தால் சில வாரத்தில் இளஞ்சிவப்பு கசியும். பிரைமருக்கு மேல் ஒரு கோட் சில்வர் அடித்துத் தடுக்கலாம். ஆட்டோ கடையில் விற்கும் டச்சப் ஸ்பிரேயை நேரடியாகப் பிளாஸ்டிக்கில் அடிக்காதீர்கள். அதன் தின்னர் பிளாஸ்டிக்கைக் கடித்து நுண்விரிசல் உண்டாக்கும். தமியா ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர் போன்ற மாடல் பிரைமர் கட்டாயம்.

நிறத்துக்கு இரண்டு வழி. பழைய கார்களின் தொழிற்சாலை நிற எண்ணுக்கே பெயிண்ட் கலந்து தரும் நிறுவனங்கள் வெளிநாட்டில் உண்டு, ஏர்பிரஷ் தேவை. அல்லது தமியா டிஎஸ் கேனில் நெருங்கிய நிறம். மெட்டாலிக் நிறங்களில் கவனம்: கேனில் உள்ள மின்னும் துகள் 1/25-ல் சரளைக்கல் மாதிரி தெரியும். சந்தேகமாக இருந்தால் சாதாரண நிறமாகவே தேர்ந்தெடுங்கள். கறுப்பு ஒரு சிறு கீறலையும் மறைக்காது, அதனால் முதல் மாடலுக்கு வேண்டாம்.

கேனை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்குங்கள், கொதிநீர் கூடாது. 20 முதல் 25 செ.மீ. தூரம். முதலிரண்டு கோட் பனித்தூறல் போல மெல்லியதாக, இடையே பத்து நிமிட இடைவெளி. மூன்றாவது ஈரமாக. பானெட்டையும் பாடியையும் ஒரே நேரத்தில், ஒரே கேனில் அடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் இரண்டு நிறமாக நிற்கும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் முக்கியமான எதிரி. மழை நாளில் லாக்கர் அடித்தால் பால் கலந்தாற்போல வெளுக்கும். காய்ந்த நாளில் ஒரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். சித்திரை வெயிலில் நேர்மாறான கோளாறு: பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மணல் போல ஒட்டும். வெயில் ஏறுவதற்கு முன், மின்விசிறியை நிறுத்திவிட்டு அடியுங்கள். முகக்கவசமும் திறந்த ஜன்னலும் வேண்டும்.

காய்ந்ததா என்பதை மூக்கு சொல்லும். பாடியை முகர்ந்தால் வரும் பெயிண்ட் வாசம் முழுதும் போகும்வரை தொடாதீர்கள். லாக்கர் என்றால் ஒரு வாரம், எனாமல் என்றால் இன்னும் கூட.

இரு நிறம் என்றால் வெளிர் நிறத்தை முதலில் அடித்துக் காயவிட்டு, நிறம் பிரியும் கோடுவரை மெல்லிய மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அடுத்த நிறத்தை அடியுங்கள். கூரையின் அடியில் உள்ள டிரிம் கோட்டோடு நிறப்பிரிவைச் சேர்த்தால் ஓரம் சற்றுக் கோணலானாலும் ஃபாயில் மூடிவிடும்.

1957-ல் இந்தக் கார்களுக்கு லாக்கர் அடித்து மெருகேற்றினார்கள், மேலே தனிக் கிளியர் கோட் கிடையாது. ஆகவே கண்ணாடி போட்டதுபோல் கனமான கிளியர் ஸ்டாக் மாடலுக்கு ஒட்டாது. மெல்லிய கிளியர் ஒரு கோட், அல்லது நிறத்தையே 4000-லிருந்து 12000 வரையான நுண்தாளில் நீரோடு தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். விளிம்புகளில் தேய்க்காதீர்கள், பிளாஸ்டிக் தெரிந்துவிடும். மெழுகு இப்போது வேண்டாம், ஃபாயில் ஒட்டாது.

6. குரோமும் தங்கமும்

பெல் ஏரை மற்ற 57-களிலிருந்து பிரிப்பது இந்த வேலைதான். அவசரப்படாமல் இரண்டு மூன்று அமர்வாகச் செய்யுங்கள்.

கிரில் வலை தங்க நிறம். விலை குறைந்த 150, 210 கார்களில்தான் வெள்ளி நிறம். கிட்டில் கிரில் குரோமாக வரும். தமியாவின் கிளியர் மஞ்சளில் ஒரு துளி கிளியர் ஆரஞ்சு கலந்து வலைப்பகுதியில் மட்டும் மெல்லியதாக இரண்டு கோட் தடவுங்கள். குரோம் அடியிலிருந்து மின்னும், தங்கப் பெயிண்ட் தடவினால் அந்த ஒளி வராது. சுற்றியுள்ள பம்பர் வெள்ளியாகவே நிற்க வேண்டும். முன் ஃபெண்டரில் பக்கத்துக்கு மூன்று சிறு பட்டைகள், பானெட்டிலும் டிக்கியிலும் உள்ள எழுத்து, வி சின்னம் ஆகியவையும் தங்கம். ஆறு சிலிண்டர் காருக்கு அந்த வி கிடையாது.

பின்பக்கத்தில் அம்பு போல விரியும் பட்டைக்குள் இருக்கும் கோடுபோட்ட தகடு குரோம் அல்ல, மங்கிய அலுமினியம். அதையும் குரோம் ஃபாயிலால் மூடுவதுதான் புதியவரின் வழக்கமான தவறு. முதலில் அந்தத் தகட்டை மட்டும் மாஸ்க் செய்து மங்கிய அலுமினியப் பெயிண்ட் அடியுங்கள், காய்ந்த பிறகு அதைச் சுற்றிய விளிம்புப் பட்டைக்கு ஃபாயில்.

ஃபாயில் வேலைக்கு பேர் மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் தாள். பழைய தாளில் பசை வறண்டிருக்கும், புதிதாக வாங்குங்கள். பட்டையைவிட 3 மி.மீ. அகலமாக வெட்டி, காகிதத்தோடு வெட்டாமல் ஃபாயிலை மட்டும் கீறி, இடுக்கியால் தூக்குங்கள். பட்டையின் நடுவில் படியவிட்டு, காது பட்ஸால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். பிறகு பல்குச்சியின் நுனியை மழுக்கி, பட்டையின் இரு ஓரப் பள்ளத்திலும் ஓட்டுங்கள். ஓரம் கூர்மையாகத் தெரியும். புதிய பிளேடை அந்தப் பள்ளத்தில் சாய்த்து வைத்து, அதன் எடை மட்டும் அழுத்துமாறு இழுங்கள். அழுத்தினால் பெயிண்டையும் கீறும். மிச்சத்தை மெதுவாக உரித்தெடுங்கள். கிழிய ஆரம்பித்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். ஒரு காருக்கு ஐந்தாறு பிளேடு முனை செலவாகும், கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

சிறிய எழுத்துகளுக்கு வேறு வழி. நிறத்தின் முதல் மெல்லிய கோட்டுக்குப் பிறகு எழுத்தின்மேல் தங்க ஃபாயில் ஒட்டி அழுத்தித் தேய்த்து, ஓரத்தை வெட்டிவிட்டு, மீதி கோட்களை அதன்மேலேயே அடியுங்கள். காய்ந்ததும் தின்னரில் லேசாக நனைத்து, துணியில் ஒற்றியெடுத்த பட்ஸால் மேடான எழுத்தைத் தொட்டுத் தொட்டுத் துடையுங்கள். மேலுள்ள நிறம் போய் ஃபாயில் எட்டிப் பார்க்கும். பிரஷ்ஷால் எழுதிய எழுத்து இந்தத் தெளிவுக்கு ஈடாகாது. இதை முதலில் ஒரு பழைய பாடியில் செய்து பாருங்கள்.

7. எஞ்சினும் அடிச்சட்டமும்

283 வி8 பிளாக்கும் ஹெட்டும் செவ்ரலே ஆரஞ்சு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அந்த நிறம் சூட்டில் எரிந்துபோகும், எனவே வார்ப்பிரும்புச் சாம்பல் நிறம் பூசுங்கள். பவர்கிளைடு கூடும் வார்ப்பிரும்புதான், பளபள அலுமினியம் அல்ல. ஃபிரேம் அரைப்பளபளப்புக் கறுப்பு.

பிளக் ஒயர்: அசல் 7 மி.மீ. தடிமன், 1/25-ல் 0.28 மி.மீ. ஹாபி கடையில் விற்கும் 0.5 மி.மீ. ஒயரைப் போட்டால் தோட்டத்து ஹோஸ் போலத் தெரியும். நிறம் கறுப்பு, சிவப்பு மஞ்சள் எல்லாம் பந்தயக்காரருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்கோடியில் உள்ளது. இடதுபுறம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலதுபுறம் 2, 4, 6, 8. தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டரை மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. எட்டு ஒயர், காயிலுக்கு ஒன்பதாவது. ஒயர்கள் எஞ்சினின் பின்னால் இறங்கி மேனிஃபோல்டுக்கு அடியில் பிளக்குக்குப் போக வேண்டும். வால்வு மூடியின் மேலே போட்டால் புதுப்பித்த கார் போலாகிவிடும். கேப்பில் 0.35 மி.மீ. துளையிட முடியாதவர்கள் ஒயர் கோத்தே விற்கும் டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கிவிடலாம்.

குரோம் பூசிய பாகங்களை ஒட்டும்போது சேரும் இடத்தில் குரோமைச் சுரண்டுங்கள், பிளாஸ்டிக் பசை குரோமில் பிடிக்காது. எஞ்சினில் ஸ்டாக்காக இல்லாத இடத்தில் கிட் குரோம் இருந்தால், குளியலறை பிளீச்சில் ஊறவைத்தால் கழன்றுவிடும், பிறகு நன்றாகக் கழுவிவிட்டு நிறம் அடியுங்கள்.

8. உள்ளே, கண்ணாடி, டயர்

சீட்டின் நிறம் டிரிம் எண்ணின்படி, மங்கலான பூச்சாக. ஸ்பீடோமீட்டர் மணிக்கு 120 மைல் வரை. கிட்டில் அதற்கான டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) இருந்தால், அதைப் படியவைக்கும் செட்டிங் திரவத்தோடு ஒட்டி மேலே ஒரு சொட்டு கிளியர் விடுங்கள். சீட் பெல்ட் வேண்டாம்.

கண்ணாடியை ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி உள்ளே வெண்மூட்டம் போடும். காய்ந்தால் தெளியும் வெள்ளைப் பசையை ஊசிமுனையால் வைத்து, இரவு முழுவதும் விடுங்கள்.

டயர் 14 அங்குலம், 7.50 அகலம். வெள்ளைப் பட்டை அந்த ஆண்டு அகலமானது, மாடலில் 2.3 மி.மீ. அளவு வரும். ஒரு மி.மீ. மெல்லிய வெள்ளைக் கோடு 1960-களுடையது. பெரிய வீல் டிஸ்க் கூடுதல் விலைச் சாமான், சிறிய கப் மட்டும் போட்ட காரும் சரியான ஸ்டாக்தான். நம்பர் தகடு 6 × 12 அங்குலம், அதாவது 6.1 × 12.2 மி.மீ. வண்டி எந்த மாநிலத்தில் ஓடியதாக நினைக்கிறீர்களோ அந்த மாநிலத்தின் 57 தகட்டை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

9. பூட்டுதல்

பாடிக்குள் அடிச்சட்டத்தை நுழைக்கும்போது பின்பக்கத்தை முதலில் கொடுத்து, முன்பக்கத்தைச் சாய்த்து இறக்குங்கள். பாடியின் அடிவிளிம்பை லேசாக விரித்தால் போதும், ஃபாயில் மேல் விரல் படாமல் மெல்லிய துணிக்கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பம்பர், கிரில், வைப்பர், பக்கக் கண்ணாடி எல்லாம் கடைசியில். அசெம்ப்ளிக்கு முன் ஒட்டியவை ஒன்றாவது உடையும். நான்கு சக்கரமும் மேசையில் படுகிறதா பாருங்கள். ஒன்று தூக்கி நின்றால் அந்த அச்சை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து வளைத்து, குளிர்ந்த நீரில் பிடியுங்கள்.

போட்டிக்கு அனுப்புவதானால், முதல் படியில் எழுதிய ஆர்டர் தாளையும் பாடி தகட்டுப் படத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு மாடலோடு வையுங்கள். இரண்டு பீப்பாய் கார்புரேட்டருக்கு ஏன் ஒற்றைச் சைலன்சர் என்று நடுவர் கேட்டால் பதில் அதிலேயே இருக்கும்.